நாலு பேர் பார்த்த நாலு பையன்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பையனுக்குப் பெயர் கிடையாது, ஏனென்றால் இவன் ஒரே ஆள் இல்லை. குழந்தைகள் மனநலத்தில் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயங்களைச் சேர்த்து, படிப்பவர்களுக்குப் பிடிபடுவதற்காக ஒருவனாக்கியிருக்கிறேன். அவனுடைய மதிப்பெண், சிகிச்சைக்கு எடுத்த வாரங்கள் எல்லாம் அந்தக் கட்டமைப்பில் அடக்கம். ஆய்வுகள், அளவுகோல்கள், மருந்துகள் பற்றி வருவது மட்டும் நிஜம்.

வந்த காரணம்

வயது 14, ஒன்பதாம் வகுப்பு. குழந்தைகள் நல டாக்டர் கொடுத்தனுப்பிய சீட்டில் இரண்டே வரி: ஐந்து மாதமாக வயிற்று வலி, உடலில் காரணம் எதுவும் கிடைக்கவில்லை, இரண்டு மாதமாகப் பள்ளிக்கு ஒழுங்காகப் போவதில்லை. ரத்தம், சிறுநீர், வயிற்று ஸ்கேன், ஹீமோகுளோபின், தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது, எல்லாமே சரியாக இருந்தது. இதைச் செய்யாமல் நேராக மனசுக்குத் தாவுவது சரியில்லை, ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் பிள்ளையைச் சோர்வாகவும் மந்தமாகவும் காட்டும், அதனால் முதலில் உடலைப் பார்த்தது நல்லதுதான். சிக்கல் அதற்கு அப்புறம் வந்தது. ரிப்போர்ட் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை வீட்டில் "அப்போ நடிக்கிறான்" என்று புரிந்துகொண்டார்கள்.

அவன் நடிக்கவில்லை. பதற்றத்தில் குடலின் அசைவு மாறும், குடலிலிருந்து வரும் சாதாரண உணர்வே வலியாகத் தெரியும், வலி நிஜமான வலிதான். ஆனால் அந்த வலிக்கு ஒரு நேர அட்டவணை இருந்தது, அதை யாரும் எழுதி வைத்துப் பார்க்கவில்லை. பள்ளி நாள் காலையில் வரும், பதினொரு மணிக்கு மேல் குறையும், சனி ஞாயிறு பெரும்பாலும் இருக்காது, ஞாயிறு சாயங்காலம் மறுபடி தலைகாட்டும். நீண்ட விடுமுறையில் ஒரு மாதம் காணாமல் போய், பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது திரும்பி வந்தது.

ஆளுக்கொரு பையன்

முதல் சந்திப்பில் பெற்றோரிடம் தனித்தனியாகப் பேசினோம். பள்ளியில் வகுப்பாசிரியரிடம் போனில் கேட்டோம். வீட்டில் எட்டு வயதில் ஒரு தங்கை, அவளும் கூட வந்திருந்தாள்.

அம்மாவுக்குத் தெரிந்த பையன் கோபக்காரன். "எது கேட்டாலும் எரிஞ்சு விழறான், தட்டை நகர்த்தி வெச்சா கூட சண்டை, இவன் இப்படி இருந்ததே இல்லை." வயசுக் கோளாறு, ரெண்டு வருஷத்தில் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொன்னதாகவும் சொன்னார்.

அப்பாவுக்குத் தெரிந்தவன் போனுக்கு அடிமையானவன். அவர் பேச்சின் நடுவில், ஒரு நல்ல செய்தி சொல்கிற தொனியில், இதையும் சொன்னார்: "முன்னாடியெல்லாம் எந்நேரமும் பழைய கடிகாரம், ரேடியோன்னு பிரிச்சுப் போட்டு உட்கார்ந்திருப்பான். இப்போ அந்தப் பெட்டியையே தூக்கிப் பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட கொடுத்துட்டான். அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி." இந்த முழு நிகழ்விலும் என்னை மிகவும் உறுத்திய வாக்கியம் இதுதான். நாலைந்து வருடமாக உயிராக வைத்திருந்த ஒரு விஷயத்தை ஒரு பிள்ளை சத்தமில்லாமல் விட்டுவிட்டு, கருவிகளையும் தானமாகக் கொடுத்துவிட்டான், வீட்டில் அது பொறுப்பு வந்ததற்கான அடையாளமாகப் பதிவாகியிருக்கிறது.

வகுப்பாசிரியருக்கு அவன் தொல்லையே தராத பையன். மார்க் எண்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்கு வந்திருக்கிறது, சொன்னது காதில் ஏறுவதில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், கவனம் நிற்காத கோளாறான ஏ.டி.எச்.டி.யாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். அக்கறையான ஆசிரியர்தான், நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் சத்தம் போடாத ஒருவனைக் கவனித்ததே பெரிது.

தங்கை யாரும் கேட்காமலே சொன்னாள், அண்ணன் ராத்திரி தூங்குவதே இல்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு முழித்திருப்பான் என்று.

யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் அலட்சியமாகவும் இல்லை. ஆளாளுக்கு ஒரு துண்டு கிடைத்தது, அந்தத் துண்டுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு நின்றுவிட்டார்கள்: திமிர், போன், கவனக்குறைவு. இது இந்தக் குடும்பத்தின் விசேஷம் இல்லை. 1987-இல் தாமஸ் ஆக்கன்பாக்கும் அவருடைய குழுவினரும் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே பிள்ளையைப் பற்றி அம்மா அப்பா இருவரும் சொல்வது ஓரளவு ஒத்துப்போனது, ஒப்புமை அளவு சுமார் 0.60 (முழுக்க ஒத்துப்போனால் 1). பெற்றோரும் ஆசிரியரும் போல வெவ்வேறு இடங்களில் பார்ப்பவர்களுக்கு இடையே அது 0.28. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதும் பெரியவர்கள் சொல்வதும் பொருந்துவது வெறும் 0.22. எல்லோர் பேச்சும் ஒத்துப்போனால்தான் நம்புவேன் என்று காத்திருந்தால் எந்தப் பிள்ளையின் பிரச்சினையும் பிடிபடாது. முரண்படுவதுதான் சகஜம், அந்த முரண்பாட்டை வைத்துத்தான் வேலையே.

பிள்ளையின் நடத்தையையும் மனநிலையையும் பற்றிக் கேட்கும் எஸ்.டி.கியூ. என்ற 25 கேள்விப் படிவத்தைக் கொடுத்தோம், ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்டது, பெற்றோருக்கு, ஆசிரியருக்கு, 11 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு என்று தனித்தனியாக உண்டு. அம்மாவின் படிவத்தில் நடத்தைப் பகுதி உயர்ந்திருந்தது, ஆசிரியரின் படிவத்தில் கவனப் பகுதியும் சகமாணவர் பகுதியும். பையன் தானே நிரப்பியதில் உணர்ச்சிப் பகுதி உச்சத்தில். இது எதிர்பார்க்க வேண்டியதுதான். அடிப்பது, கத்துவது, ஓரிடத்தில் உட்காராதது போன்றவற்றைப் பெரியவர்கள் நன்றாகச் சொல்வார்கள். உள்ளுக்குள் நடக்கும் பயம், துக்கம், குற்ற உணர்வு பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். அதனால் பிள்ளையிடம் தனியாகப் பேசாமல் ஒரு மதிப்பீடு முடிந்தது என்று சொல்ல முடியாது, அப்படி முடித்த மதிப்பீடுகளை நிறையப் பார்க்கிறோம்.

தனியாகப் பேசியது

முதலில் விதியைச் சொன்னோம். நீ சொல்வது இங்கேயே இருக்கும், உன் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், அல்லது யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றால் மட்டும் வெளியே சொல்ல வேண்டியிருக்கும், அப்போதும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வோம். இதை ஆரம்பத்தில் சொல்லாமல் பாதியில் சொன்னால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

அப்புறம் வலியைப் பற்றிக் கேட்கவில்லை. வளரிளம் பருவத்தினரிடம் பேசும்போது வீடு, பள்ளி, பொழுதுபோக்கு, போதைப் பொருள், பாலியல், மனநிலை என்று எளிதானதிலிருந்து கடினமானதுக்குப் போகும் ஒரு வரிசை உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது, அந்த வரிசையில்தான் போனோம். கடிகாரப் பெட்டி ஏன் பக்கத்து வீட்டுக்குப் போனது என்று கேட்டதற்கு வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதைத் திறந்தா ஒண்ணும் தோணலை. கை வேலை செய்யுது, ஆனா பிடிக்கலை. சும்மா கிடக்கறதுக்கு அவனாவது வெச்சுக்கட்டும்" என்றான். எதிலும் ருசி இல்லாமல் போவதை இதைவிடத் துல்லியமாக எந்தப் புத்தகமும் சொல்லாது.

கதை ஏழாம் வகுப்பில் தொடங்கியிருக்கிறது. குரல் உடைகிற நேரத்தில் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள், குரல் கீச்சென்று ஏறியது, வகுப்பு சிரித்தது. பெரிய கொடுமை எதுவும் இல்லை, சிரித்தவர்கள் அடுத்த நாளே மறந்திருப்பார்கள். இவன் மறக்கவில்லை. முதலில் வாசிப்பு இருக்கும் பாடங்களுக்கு முன்னால் கழிப்பறைக்குப் போய்விடுவான், பிறகு மதியம் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தான், பிறகு நண்பர்களின் போன் குழுவிலிருந்து விலகினான். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் பயம் ஒரு நிமிடம் குறையும், அந்த நிம்மதியே அடுத்த தடவையும் தப்பிக்கச் சொல்லும், பயம் இப்படித்தான் தன் எல்லையை விரித்துக்கொண்டே போகிறது. இரண்டு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. அமைதியான பையன் இன்னும் கொஞ்சம் அமைதியானால் யாருக்குத் தெரியும்?

அப்புறம் நாலு மாதத்துக்கு முன்னால், ஒவ்வொரு பாடத்திலும் வகுப்பின் முன் நின்று பேசி மதிப்பெண் வாங்க வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. அங்கிருந்து சரிவு. தூக்கம் இரண்டு மணிக்குத்தான் வருகிறது, அதுவரை போன் பார்க்கிறான், பார்க்காவிட்டால் மண்டைக்குள் அன்றைய நாள் திரும்பத் திரும்ப ஓடுகிறது. அப்பா காரணம் என்று நினைத்த போன், இவனுக்கு மருந்தாக இருந்திருக்கிறது, மோசமான மருந்து, ஆனாலும் மருந்து. பசி இல்லை, எடை குறையவில்லை, ஆனால் உயரம் கூடிய இந்த ஆறு மாதத்தில் எடை கூடவே இல்லை. "நான் வீட்டுக்கு ஒரு பாரம்" என்றான்.

அடுத்த கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்கிறதா? "காலையில முழிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணும்." எத்தனை நாளாக? "ரெண்டு மாசமா." ஏதாவது செய்ய நினைத்தாயா, திட்டம் எதுவும் உண்டா, முன்பு எப்போதாவது முயன்றாயா, இப்போது இந்த நிமிடம் அந்த எண்ணம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். இல்லை என்றான். திட்டமோ முயற்சியோ இருந்திருந்தால் அன்றே தீவிரக் கண்காணிப்புக்குப் போயிருக்க வேண்டும்.

இதைப் பிறகு அவன் சம்மதத்துடன், அவன் அருகில் இருக்கும்போதே பெற்றோரிடம் சொன்னபோது அப்பா கேட்டார்: "அதைப் பத்திக் கேட்டா, இல்லாத நினைப்பை நாமளே கிளப்பி விட்ட மாதிரி ஆகாதா?" நியாயமான பயம், கிட்டத்தட்ட எல்லாப் பெற்றோரும் கேட்பது. மேட்லின் கூல்டு தலைமையில் நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் 2,300-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதையே சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கும் கேட்கப்படாதவர்களுக்கும் இடையே மனத்துயரத்திலோ தற்கொலை எண்ணத்திலோ கூடுதல் எதுவும் இல்லை, ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேட்டதே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கிறது. இவனும் கேட்டு முடித்ததும் தோளைத் தளர்த்தி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

கண்டறிந்தது, விலக்கியது

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ.-ஏ என்ற ஒன்பது கேள்வி அளவில் 27-க்கு 17, எண் கூடினால் சோர்வு கூடுதல். எண்ணை வைத்து நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது, ஆனால் பின்னால் முன்னேற்றத்தை அளக்க ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும்.

மனச்சோர்வுக்கு, மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5 கேட்பது ஒன்பது அறிகுறிகளில் ஐந்து, குறைந்தது இரண்டு வாரம், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவில். பெரியவர்களிடம் துக்கமான மனநிலை அல்லது ஆர்வமின்மை இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அங்கே ஒரு சலுகை உண்டு: துக்கத்துக்குப் பதில் எரிச்சல் இருந்தாலே போதும். எடை குறைவதற்குப் பதில், வயதுக்கு ஏற்ப எடை கூடாமல் இருப்பதும் கணக்கில் வரும். இந்த இரண்டு வரிகள் தெரியாததால்தான் அழாத, ஆனால் எரிந்து விழுகிற எத்தனையோ பிள்ளைகளுக்கு அறிவுரையும் அடியும் மட்டும் கிடைக்கிறது. அம்மா சொன்ன கோபம், அப்பா சொன்ன கடிகாரப் பெட்டி, ஆசிரியர் சொன்ன கவனமின்மை, தங்கை சொன்ன தூக்கம், அவனே சொன்ன பாரமும் சாவு நினைப்பும்: ஒரே பட்டியலில் வைத்தால் ஆறு. தனித்தனியாக இருந்தவரை எதுவும் எட்டவில்லை.

மனச்சோர்வுக்கு அடியில் சமூகப் பதற்றக் கோளாறு, அதாவது மற்றவர்கள் பார்க்கும்போது கேலிக்கு ஆளாவோமோ என்ற பயம். இதற்கு ஆறு மாதக் கணக்கு, பிள்ளைகளுக்குப் பயம் பெரியவர்கள் முன் மட்டுமல்லாமல் சக வயதினர் முன்பும் வர வேண்டும். இவனுக்கு இரண்டு வருடமாக வருகிறது. முக்கால்வாசிப் பேருக்கு இது 8 முதல் 15 வயதுக்குள் தொடங்குகிறது. பதற்றம் முதலில் வந்து, அது பார்க்கப்படாமல் கிடந்து, அதன்மேல் மனச்சோர்வு ஏறுவது இந்த வயதில் மிகவும் பழக்கப்பட்ட பாதை.

ஏ.டி.எச்.டி. இல்லை என்று எப்படிச் சொன்னோம்? பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். இவனுடைய ஆறாம் வகுப்பு வரையிலான ரிப்போர்ட் அட்டைகளை எடுத்து வரச் சொன்னோம், ஒன்றில்கூடக் கவனம் பற்றிப் புகார் இல்லை. ஒரு கடிகாரத்தின் முன் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவன் வேறு. பழைய ரிப்போர்ட் அட்டை ஒரு மலிவான, நேர்மையான சாட்சி, ஏனோ யாரும் கேட்பதில்லை. இருமுனைக் கோளாறு, போதைப் பொருள், குரல்கள் கேட்பது, துன்புறுத்தல் எல்லாவற்றையும் கேட்டு விலக்கினோம். அம்மாவுக்குத் தன் இளவயதில் இதே மாதிரி பதற்றம் இருந்திருக்கிறது, அதைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

14 வயது என்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. 192 ஆய்வுகளைச் சேர்த்து மார்கோ சோல்மி குழுவினர் வெளியிட்ட தொகுப்பில், மனநலக் கோளாறுகள் தொடங்கும் உச்ச வயது 14.5 என்று வந்தது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 14 வயதுக்குள்ளேயே தொடங்குகின்றன. 10 முதல் 19 வயதுக்குள் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பறையில் சராசரியாக இப்படி ஐந்தாறு பேர்.

இவன் முன்பே பிடிபட்டிருக்க முடியுமா? முடியும், வயிற்று வலிக்குப் போன இடத்திலேயே. அமெரிக்காவின் தடுப்புப் பணிகள் குழு 2022-இல் 8 வயது முதல் பதற்றத்துக்கும் 12 வயது முதல் மனச்சோர்வுக்கும் வழக்கமான மருத்துவச் சந்திப்பிலேயே கேட்டுப் பார்க்கச் சொன்னது. ஸ்கேனுக்கு எழுதும்போதே ஒன்பது கேள்வித் தாள் ஒன்றையும் கையில் கொடுத்திருந்தால் ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும். தாள் மட்டும் போதாது, அதில் எண் உயர்ந்தால் அடுத்து எங்கே அனுப்புவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், பல இடங்களில் அங்கேதான் சங்கிலி அறுகிறது.

சிகிச்சை

முதல் நாளே பாதுகாப்பு. வீட்டில் இருக்கும் மாத்திரைகள் எல்லாம் பூட்டி வைக்கப்பட்டன, சாவி பெற்றோரிடம். எண்ணம் கனக்கும்போது என்ன செய்வது, யாரிடம் முதலில் சொல்வது என்று ஒரு தாளில் அவன் கையெழுத்திலேயே எழுதினான். முதலில் சொல்லும் ஆளாக அவன் தேர்ந்தெடுத்தது அப்பாவை, அப்பாவுக்கே அது எதிர்பாராதது.

எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் உரையாடல் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை வாரம் ஒரு முறை. மனநிலை சரியானால் வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், வேலையைத் தொடங்கினால் மனநிலை பின்னால் வரும் என்பது இதில் முதல் படி. பெட்டியைத் திரும்ப வாங்கி வந்து தினம் பத்து நிமிடம், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். வாசிப்புப் பயத்துக்குப் படிப்படியாக: வீட்டில் தன் குரலைப் பதிவு செய்து கேட்பது, ஆசிரியர் ஒருவர் முன் ஒரு பத்தி, இரண்டு நண்பர்கள் முன், பிறகு வகுப்பு. பள்ளி முதல் வாரம் அரை நாள். வீட்டில் தங்கும் நாளில் பள்ளி நேரம் முழுக்கப் போன் கிடையாது, வீட்டில் இருப்பது சுகமாக இருந்தால் எந்தச் சிகிச்சையும் நிற்காது. ஆசிரியர் முழுமையாக ஒத்துழைத்தார், வாய்மொழித் தேர்வை அவனுக்குத் தனி அறையில் வைத்தார், ஆனால் அடுத்த பருவத்தில் வகுப்பில்தான் என்று சொல்லிவிட்டே வைத்தார். அது முக்கியம், நிரந்தர விலக்கு கொடுத்தால் பயம் ஜெயித்துவிடும்.

ஆறு வாரத்தில் 17 என்பது 14 ஆனது. போதவில்லை. அப்போது ஃப்ளூஆக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்தின் பேச்சு வந்தது, அம்மா இணையத்தில் படித்துவிட்டுப் பயந்துபோய் வந்தார். அந்தப் பயத்துக்கு அடிப்படை உண்டு. 2004-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இவ்வகை மருந்துகளின் அட்டையில் கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட வைத்தது, சோதனைகளில் தற்கொலை எண்ணமோ நடத்தையோ மருந்து எடுத்த பிள்ளைகளில் சுமார் 4 சதவீதம், ஒப்பீட்டுக்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம். அந்தச் சோதனைகளில் உயிரிழப்பு எதுவும் இல்லை. அதே வருடம் வெளியான, மனச்சோர்வு உள்ள 439 வளரிளம் பருவத்தினரிடம் நடந்த டாட்ஸ் ஆய்வில் 12 வாரத்தில் தேறியவர்கள், மருந்தும் உரையாடல் சிகிச்சையும் சேர்த்து 71 சதவீதம், மருந்து மட்டும் 61, உரையாடல் மட்டும் 43, போலி மாத்திரை 35. இரண்டு பக்கத்தையும் மேசையில் வைத்து, முதல் வாரங்களில் வாரா வாரம் பார்ப்போம் என்று சொல்லி, முடிவை அவர்களிடம் விட்டோம். 10 மில்லிகிராமில் தொடங்கி 20-க்குப் போனது. முதல் வாரம் கொஞ்சம் படபடப்பு, குமட்டல், அவ்வளவுதான்.

மருந்து தொடங்கி மூன்று மாதத்தில் அந்த மனச்சோர்வு எண் 5. சாவு நினைப்பு அதற்கு முன்பே போய்விட்டது. பள்ளிக்கு முழு நாள் போகிறான். வயிற்று வலி எப்போதாவது, தேர்வு நாளில். சமூகப் பதற்றம் முழுசாகப் போகவில்லை. புதிய ஆட்கள் கூட்டமாக இருந்தால் இன்னும் ஓரமாகத்தான் நிற்கிறான், அதற்குச் சிகிச்சை தொடர்கிறது. மருந்து நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரும், நிறுத்துவது மெல்லக் குறைத்துத்தான், தேர்வு நேரத்தில் நிறுத்தக் கூடாது.

தங்கை

இந்தக் குடும்பம் கடைசியாக இன்னொரு சந்தேகத்துடன் வந்தது. தங்கைக்கும் காலையில் வயிறு வலிக்கிறதாம், இருட்டில் தனியாகப் போக மாட்டேன் என்கிறாளாம். ஒரு முறை சூடு பட்டவர்கள், பயம் வருவது இயல்புதான். அதே கேள்விகளைக் கேட்டோம். வலி மாதத்தில் இரண்டு நாள், விளையாட்டு வகுப்பு உள்ள நாட்களில் கிடையாது. தூக்கம், பசி, தோழிகள், படிப்பு எதிலும் மாற்றம் இல்லை. இருட்டுப் பயம் ஐந்து வயதிலிருந்தே இருக்கிறது, குறைந்துகொண்டுதான் வருகிறது, அதனால் அவள் செய்யாமல் விட்ட காரியம் எதுவும் இல்லை. ஆசிரியரைக் கேட்டோம், அவரும் அதையே சொன்னார். தனியாகப் பேசியபோது, அண்ணனை மட்டும் அடிக்கடி கூட்டி வருகிறீர்களே என்று கேட்டுவிட்டு, மேசையில் இருந்த பேனாக்களையெல்லாம் நிறவாரியாக அடுக்கினாள். எந்த நோயும் எழுதவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு முறை போன் செய்யச் சொல்லி அனுப்பினோம்.